கான்ட்ரா அமெரிக்கா கேமா? ஐ.ஜி.ஐ இங்கிலாந்தா? 90ஸ் கிட்ஸ் ஆடிய கேம்களின் சொந்த நாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

கோபிசெட்டிபாளையத்துக்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உங்க ஊர் வயக்காட்டுலயும் வாய்க்கால் கரையிலயும் ஷூட்டிங் எடுத்த படமெல்லாம் கோபி படமா? "அதெப்படிங்க? ஷூட்டிங் மட்டும்தானுங்க இங்க. கம்பெனி சென்னையில இருக்குது" என்று பதில் வரும். 'சின்ன கோடம்பாக்கம்' என்று பெயர் வாங்கிய ஊர் அது. கேமரா எங்கே நின்றது என்பது வேறு, படம் யாருடையது என்பது வேறு என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் வீடியோ கேம் என்று வந்துவிட்டால் இந்தத் தெளிவு காணாமல் போய்விடுகிறது. '90ஸ் கிட்ஸ் ஆடிய கேம்கள்' என்று ஒரு ரீல் வந்தால் போதும், கமெண்ட்டில் சண்டை ஆரம்பம். "கான்ட்ரா அமெரிக்கா கேம், ஹீரோவைப் பாரு, அர்னால்டு மாதிரியே இருக்கான்" என்பார் ஒருவர். "எல்லாமே சீனாதான், கேசட்டுலயே போட்டிருந்துச்சு" என்பார் இன்னொருவர். "ஐ.ஜி.ஐ இங்கிலாந்து" என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். மூன்றும் தவறு.

சும்மா பழங்கதைதானே, எந்த நாடா இருந்தா என்ன என்று கேட்கலாம். ஆனால், 'இந்த கேம் எந்த நாடு?' என்ற கேள்வி 2020-ல் ஒருமுறை கோடிக்கணக்கான இந்தியர்களின் செல்போன் வரைக்கும் வந்துவிட்டுப் போனது.

பப்ஜியில் கிளம்பிய கேள்வி

2020 செப்டம்பர் 2. மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அதில் பப்ஜி மொபைலும் இருந்தது. 'சீன ஆப்களுக்குத் தடை' என்று செய்தி ஓடியது. உடனே பலருக்கு ஒரு சந்தேகம்: பப்ஜி கொரியா கேம் ஆச்சே?

இரண்டு பக்கமும் பாதி உண்மை. பப்ஜியின் மூல வடிவம் 2017-ல் கணினிக்காக வந்தது. உருவாக்கியது தென் கொரியாவின் புளூஹோல் நிறுவனத்தைச் சேர்ந்த குழு. அந்தக் குழுமம்தான் பின்னால் கிராஃப்டன் ஆனது. கேமை வடிவமைத்தவர் பிரெண்டன் கிரீன், அயர்லாந்துக்காரர். ஆனால் நம் கையில் இருந்த மொபைல் பதிப்பை எழுதியது சீனாவின் டென்சென்ட் நிறுவனத்தின் ஸ்டுடியோ. இந்தியாவில் வெளியிட்டதும் டென்சென்ட்தான். தடை வந்த சில நாட்களிலேயே, இந்தியாவில் வெளியிடும் உரிமை இனி டென்சென்ட்டுக்குக் கிடையாது என்று கொரிய நிறுவனம் அறிவித்தது. 2021 ஜூலையில் கிராஃப்டனே நேரடியாக 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் திரும்பி வந்தது. 2022 ஜூலையில் அதுவும் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் மறுபடி வந்தது தனிக்கதை.

ஒரே கேம். அயர்லாந்து, கொரியா, சீனா என்று மூன்று விலாசம். யார் எழுதினார்கள், யார் வெளியிட்டார்கள், பெயர் யாருக்குச் சொந்தம் என்ற மூன்று கேள்விக்கும் மூன்று விடை. பழைய கேம்களிலும் இதே குழப்பம்தான்.

முதல்ல யார் யார் என்று பிரிக்கணும்

சினிமாக் கணக்கிலேயே பார்க்கலாம். கேமை எழுதி, வரைந்து, இசை சேர்த்து உருவாக்கும் குழு 'டெவலப்பர்'. படப்பிடிப்புக் குழு மாதிரி. அதைச் சந்தைக்குக் கொண்டுவருபவர் 'பப்ளிஷர்'. விநியோகஸ்தர் மாதிரி. கதாபாத்திரமோ கதையோ வேறு ஒருவருடையதாக இருக்கலாம், நாவல் உரிமை வாங்கிப் படம் எடுப்பது போல. ஒரு இயந்திரத்துக்காக எழுதியதை இன்னொரு இயந்திரத்துக்கு மாற்றி எழுதுபவர் இன்னொரு குழுவாக இருக்கலாம். இதற்கு 'போர்ட்' என்று பெயர், டப்பிங்கும் ரீமேக்கும் கலந்த வேலை. கடைசியாக, பெட்டியையும் கேசட்டையும் செய்த ஃபேக்டரி. அது வெறும் தியேட்டர்.

'எந்த நாட்டில் உருவானது' என்று கேட்டால் இவற்றில் முதலாவதைத்தான் கேட்கிறோம். டெவலப்பர் குழு எந்த ஊரில் உட்கார்ந்து வேலை பார்த்தது? அதுதான் விடை. வடிவமைப்பாளர் பிறந்த ஊர்கூட விடை ஆகாது. இயக்குநர் பாக்யராஜ் பிறந்தது கோபி பக்கத்து வெள்ளாங்கோவில். அதற்காக அவர் எடுத்த படமெல்லாம் வெள்ளாங்கோவில் படம் ஆகிவிடுமா என்ன?

கேசட் சொன்ன பொய்

ஈரோடு, கோபி, சத்தியமங்கலம் பக்கம் 90களில் பலர் வீட்டில் டிவியோடு இணைத்து ஆடியது அசல் நிண்டெண்டோ இல்லை. ஜப்பானின் நிண்டெண்டோ 1983 ஜூலையில் 'ஃபேமிகாம்' என்ற பெட்டியை வெளியிட்டது. அதைப் பார்த்து ஆசிய நாடுகளில் செய்த நகல்தான் பெரும்பாலும் நம்ம ஊர் 'டிவி கேம்'. மஞ்சள் கேசட், இரண்டு ரிமோட், கூட ஒரு துப்பாக்கி. கேசட் ஓடலைன்னா வாயால் ஊதி மறுபடி சொருகுவோம். (அந்த ஊதலால் பயன் இல்லை, எச்சில் ஈரம் பின்களைக் கெடுக்கத்தான் செய்யும். கழற்றி மாட்டியதால்தான் ஓடியது.)

அந்தக் கேசட்டில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் கொஞ்சம் கேம்தான். ஒரே மரியோவை நான்காவது லெவலில் இருந்து தொடங்க வைத்து வேறு பெயர், கூடுதல் உயிர் கொடுத்து இன்னொரு பெயர் என்று பட்டியலை நீட்டியிருப்பார்கள். ஸ்டிக்கரில் ஒரு படம், உள்ளே வேறொன்று. கேசட் செய்தவருக்கும் கேம் எழுதியவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. திருட்டு விசிடியின் கவரைப் பார்த்துப் படத்தின் தயாரிப்பாளரைச் சொல்ல முடியுமா? அதே கதைதான்.

ஆக, 'கேசட்டில் சீனா என்று இருந்தது' என்பது பிளாஸ்டிக் எங்கே வார்த்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. உள்ளே இருந்த கேம்களில் பெரும்பாலானவை ஜப்பானில் உருவானவை. 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' 1985-ல் கியோட்டோவில் இருக்கும் நிண்டெண்டோவில் பிறந்தது. மீசை வைத்த இத்தாலிய பிளம்பர்தான் ஹீரோ, ஆனால் வடிவமைத்தவர் ஷிகெரு மியாமோட்டோ. வாத்து சுடும் 'டக் ஹன்ட்' 1984, அதுவும் நிண்டெண்டோ. குண்டு வைத்து விளையாடும் 'பாம்பர்மேன்' ஜப்பானின் சப்போரோ நகரத்து ஹட்சன் சாஃப்டின் கேம். அரண்மனைக் கழுகைக் காக்கிற மாதிரி நாம் காத்த அந்த 'டேங்க்' கேமின் அசல் பெயர் 'பேட்டில் சிட்டி', 1985, நாம்கோ நிறுவனம், ஜப்பான்.

டேங்க் கேமில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. நம்மில் பலர் ஆடியது 'டேங்க் 1990' என்ற பெயரில் வந்த பதிப்பு. அசலை எடுத்து, புதுப் புது பவர் சேர்த்து, அனுமதி இல்லாமல் மாற்றியது. அசல் ஜப்பான், மாற்றியவர் வேறு. 'டேங்க் 1990 ஜப்பான் கேம்' என்று மொட்டையாகச் சொன்னால் அது முழு உண்மை ஆகாது.

முகப்புத் திரையில் அடியில் இருக்கும் ஒரு வரி

அசல் கேமைப் போட்டதும் முதல் திரையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி வரும். வட்டத்துக்குள் 'சி' போட்ட காப்புரிமைக் குறி, பக்கத்தில் வருஷம், ஒரு நிறுவனப் பெயர். யாரும் படிக்காத வரி. ஆனால் சொந்த ஊர் தேடுபவருக்கு அதுதான் முதல் துப்பு.

அதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 'நிண்டெண்டோ உரிமத்துடன்' என்று இருந்தால், அந்தப் பெட்டியில் ஓட நிண்டெண்டோ அனுமதி கொடுத்தது என்றுதான் அர்த்தம், உருவாக்கியது என்று அல்ல. காப்புரிமை வரியில் வருவது பல நேரம் பப்ளிஷரின் பெயர். கூடவே ஒரு வேடிக்கை: நம்ம ஊர் நகல் கேசட்டுகளில் பலவற்றில் இந்த வரியையே அழித்திருப்பார்கள். அப்பன் பெயர் இல்லாத கேம்கள்! ஒரு தலைமுறைக்கே 'இதெல்லாம் யார் செஞ்சது' என்று தெரியாமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்த துப்பு, கேமை முடித்தால் வரும் பெயர்ப் பட்டியல். அதிலும் ஒரு மர்மம். 80களில் ஜப்பானின் பல கேம் கம்பெனிகள் ஊழியர்களின் உண்மைப் பெயரைப் போட விடவில்லை. போட்டிக் கம்பெனிக்காரன் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்ற பயம். அதனால் பட்டியலில் பட்டப்பெயர்கள்தான் ஓடும். கியோட்டோவில் 'டோசே' என்று ஒரு நிறுவனமே இருக்கிறது. 1979 முதல் மற்ற கம்பெனிகளுக்காக கேம் எழுதித் தருகிறது, பெரும்பாலும் தன் பெயர் வராமலே.

ஹீரோவைப் பார்த்து நாட்டைச் சொல்லாதீங்க

கான்ட்ராவுக்கு வருவோம். சட்டையில்லாத இரண்டு வீரர்கள், காடு, ஹாலிவுட் வாடை. 80களின் அமெரிக்க ஆக்‌ஷன் படங்களின் தாக்கம் அப்பட்டமாகத் தெரியும். ஆனால் உருவாக்கியது ஜப்பானின் கொனாமி, 1987-ல் கடை மெஷினுக்காக. ஜப்பானியப் பதிப்பில் கதை எதிர்காலத்தில் நடக்கும். அமெரிக்கப் பதிப்பில் அமேசான் காடு என்று மாற்றினார்கள். ஐரோப்பாவில் வீரர்களையே ரோபோக்களாக மாற்றி 'ப்ரோபோடெக்டர்' என்று பெயர் வைத்தார்கள். கதைக்களம் ஊருக்கு ஊர் மாறியது, உருவான இடம் மாறவில்லை.

காயின் போட்டு ஆடும் கடைகளில் 'முஸ்தபா' என்று ஒரு கேம் இருந்ததே, ஞாபகம் இருக்கா? அதன் உண்மைப் பெயர் அதுவே இல்லை. 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்', 1993. கதை மார்க் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்கரின் காமிக்ஸிலிருந்து வந்தது. கேமை உருவாக்கியது ஜப்பானின் கேப்காம். நாலு பேரில் ஒருவனான முஸ்தபாவின் பெயரை கேமுக்கே வைத்தது நம்ம ஆட்கள். அந்தப் பெயரில் கேட்டால் மற்ற நாட்டுக்காரர்கள் பலர் முழிப்பார்கள்.

இதற்கெல்லாம் உச்சம் 'ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ'. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் ஆடிய கேம். ஹீரோ டேவிட் ஜோன்ஸ், பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். கதை நடப்பது கிழக்கு ஐரோப்பாவில். வெளியிட்ட ஐடாஸ் நிறுவனம் இங்கிலாந்து. ஆனால் 2000-ல் அதை உருவாக்கிய இன்னர்லூப் ஸ்டுடியோஸ் இருந்தது நார்வே நாட்டின் ஆஸ்லோவில்! இந்தியாவில் இவ்வளவு பேர் கொண்டாடிய கேம் நார்வேக்காரர்களுடையது என்று சொன்னால் இன்றைக்கும் நிறையப் பேர் நம்ப மாட்டார்கள்.

'ஜிடிஏ வைஸ் சிட்டி'யும் அப்படித்தான். மியாமி கடற்கரை, பனைமரம், அமெரிக்கப் பாட்டு. 2002-ல் அதை உருவாக்கிய ராக்ஸ்டார் நார்த் இருப்பது ஸ்காட்லாந்தின் எடின்பரோவில்.

ஒரே பெயர், ஒரே வருஷம், இரண்டு நாடு

டிஸ்னியின் 'அலாதீன்' கேம் எந்த நாடு? இதற்கு ஒரு பதில் சொன்னால் தப்பு. 1993-ல் இரண்டு அலாதீன் வந்தன. சேகா பெட்டிக்கு வந்தது அமெரிக்காவில் வர்ஜின் கேம்ஸ் குழு உருவாக்கியது. அதில் டிஸ்னியின் ஓவியர்களே அசைவுகளை வரைந்து கொடுத்தார்கள். சூப்பர் நிண்டெண்டோவுக்கு வந்தது ஜப்பானில் கேப்காம் உருவாக்கியது, வடிவமைத்தவர் ஷின்ஜி மிகாமி, பின்னால் 'ரெசிடென்ட் ஈவில்' எடுத்தவர். பெயர் ஒன்று, உள்ளே முற்றிலும் வேறு வேறு கேம். நம்ம ஊர் கம்ப்யூட்டர்களில் வாள் வீசி ஆடியது சேகா வழி வந்த அமெரிக்கப் பதிப்பு.

'லோட் ரன்னர்' இன்னொரு மாதிரி. மஞ்சள் கேசட்டில் ஜப்பானிய கேம்களோடு கலந்து கிடந்ததால் அதுவும் ஜப்பான் என்று நினைத்திருப்போம். மூலம் அமெரிக்கா, டக்ளஸ் ஸ்மித் எழுதி 1983-ல் வெளியானது. ஃபேமிகாமுக்கு மாற்றி எழுதியது ஜப்பானின் ஹட்சன் சாஃப்ட். அதனால்தான் பாம்பர்மேனை முழுசா முடித்தால் அவன் மனிதனாகி லோட் ரன்னர் ஆகிவிடுகிறான். இரண்டையும் ஒரே கம்பெனி எழுதியதன் குறும்பு அது.

கம்ப்யூட்டர் லேபில் ஆடிய 'டேவ்' அமெரிக்கா. ஜான் ரொமேரோ 1988-ல் ஆப்பிள் கணினிக்காக எழுதியது. 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' 1989, அதுவும் அமெரிக்கா. ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்து, அதைப் பார்த்து வரைந்ததால்தான் இளவரசனின் நடையில் அவ்வளவு உயிர். நோக்கியாவின் 'ஸ்னேக்' 1997, பின்லாந்து, எழுதியவர் தானெலி அர்மான்டோ. பாம்பு நீண்டுகொண்டே போகும் அந்த யோசனை மட்டும் 1976-லேயே அமெரிக்கக் கடை மெஷினான 'பிளாக்கேட்'டில் இருந்தது.

நாடே மறைந்துபோன கேம்

திருவிழாக் கடைகளில் விற்ற கையடக்க 'பிரிக் கேம்' ஞாபகம் இருக்கும். கட்டைகள் மேலிருந்து விழும். அதன் மூலமான டெட்ரிஸ் 80களின் நடுவில் மாஸ்கோவில் பிறந்தது. சோவியத் அறிவியல் அகாதமியின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் எழுதியது. இன்றைய வரைபடத்தில் அது ரஷ்யா. எழுதியபோது சோவியத் யூனியன்.

இங்கே 'எந்த நாடு' என்பது வெறும் பொது அறிவுக் கேள்வி இல்லை. அரசு நிறுவனத்தில் எழுதியதால் உரிமை அரசுக்குப் போனது. 'எலோர்க்' என்ற அரசு அமைப்புதான் வெளிநாட்டுக் கம்பெனிகளோடு பேரம் பேசியது. நிண்டெண்டோவின் கேம்பாய் 1989-ல் டெட்ரிஸோடு உலகம் முழுக்க விற்றுக் குவிந்தபோது, எழுதியவருக்கு உரிமைப் பணம் வரவில்லை. உரிமை அவர் கைக்கு வந்தது 1996-ல்தான். அதே மனிதர் அமெரிக்காவில் உட்கார்ந்து அதை எழுதியிருந்தால் கணக்கே வேறு.

பிரிட்டன் இந்தக் கேள்விக்கு மார்க் போட்டே விடை சொல்கிறது. 2014 முதல் அங்கே கேம் கம்பெனிகளுக்கு வரிச் சலுகை உண்டு. ஆனால் அது 'பிரிட்டிஷ் கேம்' என்று சான்றிதழ் வாங்க வேண்டும். கதை எங்கே நடக்கிறது, கதாபாத்திரம் யார், வேலை எங்கே நடந்தது, குழுவில் யார் இருக்கிறார்கள் என்று 31 மதிப்பெண்ணுக்குப் பரீட்சை, 16 வாங்கினால் பாஸ். நாம் மேலே 'விடை ஆகாது' என்று ஒதுக்கிய கதைக்களத்துக்கும் அங்கே மார்க் உண்டு. சட்டத்தின் கணக்கு ஒன்று, வரலாற்றின் கணக்கு இன்னொன்று.

அப்போ தமிழ் கேம்?

2023 ஜூலையில் 'வெண்பா' என்று ஒரு கேம் வந்தது. 80களில் கனடாவில் குடியேறிய தமிழ்த் தம்பதி, வெண்பாவும் பாவலனும். மகன் பெயர் கவின், கொங்கு நாட்டில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர். அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பு நோட்டைப் பார்த்து, அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்லி, புட்டு என்று சமைப்பதுதான் விளையாட்டு. 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கியது. பெயர் தமிழ், சாப்பாடு தமிழ். உருவாக்கிய விசை கேம்ஸ் இருப்பது டொராண்டோவில். நம்ம விதிப்படி அது கனடா கேம். தமிழ் கேம் என்று சொல்வதிலும் தப்பில்லை, மொழி வேறு, நாடு வேறு.

தலைகீழ் உதாரணமும் இருக்கிறது. 2018-ல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' அமெரிக்கக் குதிரைக்காரர்கள் கதை. அதை உருவாக்கிய ராக்ஸ்டார் ஸ்டுடியோக்களில் பெங்களூரு அலுவலகமும் ஒன்று. 1997-ல் தொடங்கிய பெங்களூரின் துருவா இன்டராக்டிவ் நிறுவனத்தையும் 2019-ல் ராக்ஸ்டார் வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இப்போதைய பெரிய கேம்களில் பெயர்ப் பட்டியல் ஓடி முடிய அரை மணி நேரம்கூட ஆகும். 'எந்த நாடு' என்றால் தலைமை ஸ்டுடியோ இருக்கும் நாட்டைச் சொல்லிவிட்டு, கூட வேலை பார்த்த நாடுகளையும் சேர்த்துச் சொல்வதே சரி.

சரி, நீங்களே கண்டுபிடிக்க என்ன செய்யணும்? கேசட், கவர், ஹீரோ மூன்றையும் மறந்துவிடுங்கள். நீங்கள் ஆடியது எந்த இயந்திரத்தில், எந்தப் பதிப்பு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அசல் பதிப்பின் முகப்புத் திரையை யூடியூபில் தேடி, அடியில் இருக்கும் வருஷத்தையும் பெயரையும் படியுங்கள். அந்தப் பெயர் டெவலப்பரா பப்ளிஷரா என்று பாருங்கள். பப்ளிஷர் என்றால், கேமின் கடைசியில் ஓடும் பட்டியலில் குழுவின் பெயர் இருக்கும். அந்தக் குழு, அந்த வருஷத்தில், எந்த ஊரில் இருந்தது என்று தேடுங்கள். இன்றைக்கு எங்கே இருக்கிறது, இன்றைக்கு யாருக்குச் சொந்தம் என்பது வேண்டாம். ஹட்சன் சாஃப்ட் 2012-ல் கொனாமிக்குள் கரைந்துவிட்டது. இப்போது பாம்பர்மேன் என்று தேடினால் கொனாமி என்றுதான் முதலில் வரும்.